கொடி வணங்காத பிள்ளைகளும் எங்கள் வெள்ளிக்கிழமையும்

இதை எழுதுவதா விடுவதா என்று சில வருடங்களாக யோசித்துக்கொண்டே இருந்தேன். பேனையை எடுப்பேன், வைத்துவிடுவேன். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் அமெரிக்க நீதிமன்றத்தைப் பற்றி எழுதினால் சிரிப்பார்கள் என்று ஒரு பயம். கோயிலுக்கு வருகிற சனம் என்ன சொல்லும் என்பது அதைவிடப் பெரிய பயம். இன்று முருகன்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு இருந்து எழுதுகிறேன்.

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் எங்கள் வீட்டுக்கென்று ஒரு ஒழுங்கு இருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் சாமி அறையில் விளக்கேற்றி, தீபம் காட்டியதும் மகள் ஒரு பதிகம் பாடவேண்டும். பாடிய பிறகுதான் எல்லோருக்கும் சாப்பாடு. என்னை வளர்த்ததும் அப்படித்தான். மகள் நன்றாகவும் பாடுவாள். அந்தக் குரல் தாயிடமிருந்து வந்தது, என்னிடமிருந்து அல்ல.

பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சையான அபிட்டூருக்கு அவள் படித்துக்கொண்டிருந்த வருடம், ஒரு வெள்ளிக்கிழமை கைகட்டி நின்றாளே தவிர வாய் திறக்கவில்லை.

"என்ன பிள்ளை, தொண்டை சரியில்லையோ?"

"தொண்டைக்கு ஒண்டுமில்லை அப்பா. மனசில இல்லாததை வாயால பாட எனக்கு ஏலாது."

"பாடாட்டிச் சாப்பாடு இல்லை. தெரியுமெல்லோ?"

"ஓம். எனக்குப் பசிக்கேல்லை."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாய் எனக்குத் தெரியாமல் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். எனக்குத் தெரியும்தான். அதன் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளும் அப்படியே போயின. மற்ற நாட்களிலும் பேச்சுக் குறைந்துவிட்டது. பரீட்சை முடிந்தால் அவள் தூரத்தில் உள்ள லைப்சிக் நகரத்துக்குப் படிக்கப் போவதாக இருந்தது. இந்தக் கோபத்தோடு போனால், பிறகு எங்கள் வீட்டுக்கு விருந்தாளியைப் போலத்தான் வருவாள் என்று எனக்குள் ஒரு நடுக்கம். ஆனால் சாமி காரியத்தில் விட்டுக்கொடுப்பது எப்படி?

அவளுடைய ஆங்கில வாய்மொழிப் பரீட்சைக்கு அமெரிக்க நீதிமன்ற வழக்குகள் என்று தலைப்பு வந்தது. அவள் ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு, குசினியில் சமைத்துக்கொண்டிருந்த தாய்க்குத் தமிழில் சொல்லிப் பழகினாள். நான் இருப்பறையில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டேன்.

முன்னொரு காலத்தில் அந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் தினமும் கொடிக்கு முன்னால் கை உயர்த்தி, நாட்டுக்கு விசுவாசமாக இருப்போம் என்று சொல்லவேண்டுமாம். ஒரு கிறிஸ்தவப் பிரிவுப் பிள்ளைகள் மறுத்துவிட்டார்கள். கடவுளைத் தவிர வேறு எதையும் வணங்குவது எங்களுக்குப் பாவம் என்றார்கள். பள்ளிக்கூடம் அவர்களை வெளியே அனுப்பியது. வழக்குப் போட்டார்கள், உயர்ந்த நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். தோற்ற பிறகு சனம் அந்தப் பிரிவு ஆட்களை அடித்துக்கூடத் துரத்தியதாம். சில வருடங்களில் அதே மாதிரி இன்னொரு வழக்கு அதே நீதிமன்றத்துக்கு வந்தது. இந்தமுறை பிள்ளைகள் வென்றார்கள். ஒருவர் என்ன நம்பவேண்டும் என்று அரசாங்கம் அவரைக் கட்டாயப்படுத்திச் சொல்ல வைக்க முடியாது என்று தீர்ப்பு.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சிலைக்குத் தீபம் காட்டுகிற என்னைப் பார்த்தால் அந்தப் பிள்ளைகள் பாவம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அது பரவாயில்லை. கடவுளுக்காகப் பள்ளிக்கூடத்தையே விட்ட பிள்ளைகள் அல்லவா!

அந்தக் கிழமை கோயில் மடைப்பள்ளியில் அன்னதானத்துக்குப் பூசணிக்காய் வெட்டும்போது, பக்கத்தில் இருந்தவர்களுக்கு இந்தக் கதையை நானே விளக்கினேன். "பாத்தியளே, அமெரிக்க நீதிமன்றமே கடைசியில கடவுள் பக்கம் வந்திட்டுது" என்று பெருமையாகச் சொன்னேன்.

எதிரே தேங்காய் திருவிக்கொண்டிருந்தவர் என்னைவிட இளையவர், வாய்க்காரர். திருவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அண்ணை, ஒரு சந்தேகம். உங்கட மகள் இப்ப வெள்ளிக்கிழமையில பாடுறேல்லையாம். நீங்கள் சோறும் குடுக்கிறேல்லையாம். உண்மையோ?"

"ஆர் சொன்னது?"

"உங்கட மனிசி என்ர மனிசியிட்டச் சொன்னது. அப்ப அந்த வழக்கில நீங்கள் ஆர் அண்ணை? பிள்ளையளோ, பள்ளிக்கூடமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் கை பூசணிக்காயை வெட்டவில்லை. நான் பள்ளிக்கூடம். அது எனக்கு ஏன் முதலே தெரியவில்லை?

வீட்டுக்கு வந்து மகளின் அறைக் கதவைத் தட்டினேன்.

"பிள்ளை, ஒரு கேள்வி. முதல்ல அப்பிடித் தீர்ப்புச் சொன்ன நீதவான்மார் பிறகு என்னெண்டு மாத்திச் சொன்னவை? வெக்கமா இருக்கேல்லையோ?"

அவள் புத்தகத்தை மூடிவிட்டுத் திரும்பினாள். குசினியில் சொன்னதை இவர் எப்போது ஒட்டுக்கேட்டார் என்று நினைத்திருப்பாள்.

"சிலர் புதுசா வந்தவை அப்பா. ஆனா பழைய ஆக்களிலயும் சில பேர், அந்த முதல் தீர்ப்புப் பிழை எண்டு தாங்களே எழுதினவை."

"தாங்களேயோ?"

"ஓம். தாங்களே."

அன்றிரவு சாமி அறையில் நெடுநேரம் இருந்தேன். பசிக்குப் பயந்து பாடுகிற பாட்டை முருகன் கேட்பானா என்று அவனிடமே கேட்டேன். பதில் வரவில்லை. ஆனால் என் மனம் லேசாகிவிட்டது. அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை தீபம் காட்டுவதற்கு முன்பே சொன்னேன். "இஞ்ச கேளுங்கோ. பாடினாத்தான் சாப்பாடு எண்ட சட்டம் இனி இல்லை. முதல் தீர்ப்புப் பிழை."

மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நல்லது நீதவான் ஐயா. அப்ப தட்டுகளை எடுத்து மேசையில வையுங்கோ" என்றாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம்!

பதிகத்தை நானே பாடினேன். எனக்கு ராகமும் இல்லை, தாளமும் இல்லை. பாதியில் மகள் சாப்பாட்டு மேசைப் பக்கத்தில் இருந்து குரல் கொடுத்தாள்.

"அப்பா, அந்த இடத்தில இழுக்கிறேல்ல. கீழ இறங்கோணும்."

"எப்பிடி?"

"பாடிக் காட்டமாட்டன். கையால காட்டுறன், பாருங்கோ." கையை மெதுவாகக் கீழே இறக்கிக் காட்டினாள். அந்தக் கையைப் பார்த்துப் பாடினேன். கொஞ்சம் சரியாக வந்தது.

பரீட்சையில் ஏன் இந்த வழக்கை எடுத்தாய் என்று கேட்டார்களாம். எங்கள் வீட்டில் இப்படி ஒரு வழக்கு நடந்தது, அப்பாவே தீர்ப்பை மாற்றினார் என்று சொன்னாளாம். நல்ல புள்ளி கிடைத்தது. லைப்சிக்குக்குப் போகிற அன்று ரயில் நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, வெள்ளிக்கிழமைகளில் நானே தொலைபேசி எடுக்கிறேன் என்றாள். எடுக்கிறாள். சில கிழமை தொலைபேசியை விளக்கடியில் வைத்துவிட்டு நான் பாடுவேன், அவள் திருத்துவாள். சில கிழமை சமையலைப் பற்றித்தான் பேச்சு.

இதை வாசிக்கிற நீங்கள் பிள்ளைகள் உள்ள வேறு வீடுகளிலும் சொல்லவேண்டும் என்பது என் ஆசை. ஆனால் நடந்தபடியே சொல்லுங்கள். அவள் மனம் திருந்தி மறுபடி பாடினாள் என்று சேர்த்துவிடாதீர்கள், அவள் பாடவில்லை. அவள் கடவுளை விட்டுவிட்டாள் என்றும் சொல்லாதீர்கள், அது அவளுக்கும் முருகனுக்கும் இடையில் உள்ளது. வெள்ளிக்கிழமைகளில் அவள் எடுக்கிறாள், நான் விளக்கடியில் இருந்து பேசுகிறேன். அதற்குமேல் ஒரு சொல்லும் கூட்டவேண்டாம்.