கழுத்தில் சிவப்புக் கோடு போட்ட புத்தகம்

காகிதத்தின் மேல் பேனா முள் கீறிப்போகும் சத்தம் அன்று எழுதும்போது கேட்பதுபோல் இருக்கவில்லை, தேங்காய்ச் சிரட்டையைக் கத்தியால் சுரண்டுவதுபோல் இருந்தது. வாப்பா சிவப்பு மைப்புட்டியைக் கதிரையின் கைச்சட்டத்தில் வைத்துக்கொண்டு, என் புதுப் படப்புத்தகத்தில் இருந்த பிள்ளைகளின் கழுத்துகளில் ஒவ்வொன்றாகக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். எட்டு வயதுக்காரியான நான் அவர் முழங்காலோடு ஒட்டி நின்று, அடுத்தது யார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதைக் கேட்டு வாப்பாவைக் கொடியவர் என்று யாரும் எண்ண வேண்டாம். அவர் கொடியவர்தான், ஆனால் இதற்காக அல்ல. மடவளையில் எங்கள் வீட்டில் உயிருள்ளவற்றின் படம் வைக்கும் வழக்கம் இல்லை. ஆனாலும், சீனியைத் தின்றுவிட்டுப் பூனைமேல் பழிபோட்ட என்னைத் திருத்த வேண்டும் என்று கண்டி டவுனில் அந்தப் புத்தகத்தை அவர் வாங்கிவிட்டார். கழுத்தில் கோடு போட்டால் படத்துக்கு "உசுர்" இல்லை, பிறகு வைத்திருக்கலாம் என்பது அவர் கைக்கொண்ட வழி. ஆகவே பானையை உடைத்துவிட்டு உள்ளதை ஒத்துக்கொண்ட நல்ல பையனுக்கும் கோடு, பொய் சொல்லி அடிவாங்கியவனுக்கும் கோடு, ஒன்றும் பேசாமல் ஓரத்தில் நின்ற ஆட்டுக்கும் கோடு. மை கறுப்பாக இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு பயம் பிடித்திருக்காது.

புத்தகத்தின் முதற்பாதி உண்மை பேசுவது பற்றியது, பின்பாதி யோசித்துப் பேசுவது பற்றியது. முதற்பாதி முடிந்ததும் கடைக்கு நேரமாகிவிட்டதென்று வாப்பா எழுந்து, மிச்சப் பக்கங்களைத் தையல் நூலால் சேர்த்துக் கட்டினார். "கோடு போட்டுத் தாரன், அதுமட்டும் அவுக்கக் கூடா" என்றார். அதுவரைக்கும் என்ற அந்த "அதுமட்டும்" வாரக்கணக்காக நீண்டது. நான் முதற்பாதியை மட்டும் நெட்டுருப் போட்டேன். எது கேட்டாலும் உள்ளதைச் சொல், யார் கேட்டாலும் உள்ளதைச் சொல் என்று ஒவ்வொரு படத்தின் கீழும் இருந்தது. ஒப்புவிக்கும்போது தடுக்கினால் வாப்பாவின் இடுப்பு வார் கழன்றுவிடும். நான்கு விரல் அகலம், நுனியில் பித்தளைப் பூட்டு. அதன் ருசி எங்கள் வீட்டில் உம்மாவுக்குத் தெரியும், நானாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

நானா என் ஒரே அண்ணன், பதினெட்டு வயது. பள்ளிக்கூடத்தை விட்டு மடவளைக்கும் டவுனுக்கும் ஓடிய ஒரு பஸ்ஸில் கிளீனராக இருந்தார். இரும்பு "ஹெண்டிலை" எஞ்சினின் முகத்தில் செருகி ஒரே சுழற்றில் பஸ்ஸை உறும வைப்பார். அந்த வலது கையை ஊர்ப் பிள்ளைகள் நாங்கள் எல்லாம் பார்த்துப் பெருமூச்சு விடுவோம். அந்தக் காலத்தில் பாதையில் பஸ்கள் ஓடின என்பதைவிடச் சண்டை பிடித்தன என்பதுதான் சரி. ஏறப்போன ஆளை இரண்டு பஸ்காரரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுப்பார்கள், முந்தப் போனவனை மண்மேட்டில் தள்ளுவார்கள். அப்படி ஒரு இழுபறியில் நானா எதிர் பஸ் சாரதியின் முகத்தில் ஹெண்டிலால் அடித்துவிட்டார். மூக்கெலும்பு உடைந்தது. அன்றே வீட்டுக்கு ஓடிவந்து, பின்பக்கத்து விறகுக் கொட்டிலில் ஒளிந்துகொண்டார்.

மறுநாள் மத்தியானம் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். வாப்பா கடையில் இருந்தார். அன்னிய ஆண்கள் வாசலுக்கு வந்தால் எங்கள் வீட்டுப் பெண்கள் குரல்கூடக் கொடுக்க மாட்டார்கள். உம்மா திரைக்குப் பின்னால் நின்று மெல்லச் சொல்ல, அதை நான் வாசலில் நின்று உரக்கச் சொல்வேன். பேசத் தெரிந்த நாள்முதல் அந்த வீட்டின் வாய் நான்தான்.

"மகள், நானா எங்க?" என்று ஒருவர் அன்பாகவே கேட்டார்.

"ஊட்ல இல்லெண்டு செல்லு" என்றார் உம்மா திரைக்குப் பின்னாலிருந்து.

நான் வாயைத் திறந்தேன். பொய் சொன்னவனின் படம் கண்ணுக்குள் வந்து நின்றது, சிவப்புக் கோட்டோடு. என் கழுத்தை ஒருதரம் தடவிப் பார்த்தேன்.

"வெறகுக் கொட்டில்ல ஈக்கார்" என்றேன்.

உம்மா திரைக்குப் பின்னால் மூச்சை இழுத்தது கேட்டது. அவர்கள் வீட்டைச் சுற்றி ஓடினார்கள். நானாவைக் காலில் பிடித்து முற்றத்துக்கு இழுத்துவந்தார்கள். ஒருவன் அவர் முதுகில் ஏறி உட்கார்ந்தான், மற்றவன் வலது கையை விறகு கொத்தும் கட்டையின் மேல் நீட்டிப் பிடித்தான், என்னை மகள் என்று அழைத்தவர் தங்கள் பஸ்ஸின் ஹெண்டிலை ஓங்கினார். மூன்று அடி. முதல் அடிக்கு நானா கத்தினார். இரண்டாவதில் காய்ந்த மட்டை முறிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. மூன்றாவதற்கு அவரிடம் சத்தம் இல்லை. உம்மா முக்காடு விழுந்ததும் தெரியாமல் ஓடிப்போய் மகனின் மேல் விழுந்தபோது அவர்கள் பாதைக்குப் போய்விட்டார்கள். கட்டையிலிருந்து ரத்தம் மரத்தூளில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் உண்மை பேசியிருந்தேன்.

கையில் பலகை வைத்துக் கட்டி நானாவைப் பாயில் கிடத்தியிருந்த நேரம் வாப்பா வந்தார். "ஆரு காட்டிக் குடுத்த?" என்று கேட்டார்.

நான் புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்ல வேண்டியவள் நான்.

"நான்தான்" என்றார் உம்மா. "நீங்க கடையால அனுப்பின ஆக்களெண்டு நெனச்சிட்டேன்."

"அன்னிய ஆம்புளைக்கிக் கொரல் குடுத்தியா?"

வார் கழன்றது. இரண்டு குற்றத்துக்கும் சேர்த்து அடித்தார். பூட்டுப் பட்ட இடமெல்லாம் தோல் பிளந்தது. உம்மா அலுமாரியோடு சாய்ந்து, முகத்தை மட்டும் இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு நின்றார். பாயில் கிடந்த நானா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், நிறுத்தச் சொல்லவில்லை. அந்தப் பார்வையில் இரக்கம் இருக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது.

மறுநாள் காலையில் நூலை அறுத்து மூடியிருந்த பக்கங்களைத் திறந்தேன். முதல் படத்தில் ஒரு சிறுமி கையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொல்லுமுன் நினைத்துப் பார் என்று கீழே இருந்தது. அவள் கழுத்தில் இன்னும் கோடு விழுந்திருக்கவில்லை. அப்போது உம்மா வந்து, காயம் பட்ட கையால் என் தலையைச் சீவிக்கொண்டே சொன்னார்: "நீ வாயத் தொறக்காத மகள். எனக்குப் பழகின ஒடம்பு. நீ தாங்க மாட்ட."

அவர் காப்பாற்ற நினைத்தது என் முதுகை. நானோ அதை வசதியாக வாழ்நாள் முழுவதுக்கும் எடுத்துக்கொண்டேன். வாப்பா மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகும், வார் யாரும் தொடாத ஆணியில் தொங்கிய காலத்திலும், நான் வாய் திறக்கவில்லை. நானாவின் கை கோணிப்போய்விட்டது. பஸ்ஸை அவர் மறுபடி தொடவில்லை, கடையில் இடக்கையால் அரிசி அளந்தார். உம்மா போட்ட சோற்றைத் தின்றார், ஆனால் "உம்மா" என்று அவரைக் கூப்பிடவில்லை. உம்மா இறக்கும் தறுவாயில் நானாதான் கரண்டியால் தண்ணீர் ஊற்றினார், யாருக்கோ ஊற்றுவதுபோல். உம்மா என்னைப் பார்த்தார். சொல்லிவிடு என்ற பார்வையா, சொல்லாதே என்ற பார்வையா என்று தெரியவில்லை. தெரியவில்லை என்று நான் சொல்வதே பொய்யாக இருக்கலாம்.

இப்போது அந்த வீடு இல்லை, ஹெண்டில் சுழற்றும் பஸ் இல்லை, புத்தகமும் இல்லை. என் பேத்தியின் படப்புத்தகங்களில் பிள்ளைகள் முழுக் கழுத்தோடு சிரிக்கிறார்கள். நேற்று அவள் ஒன்றை மடியில் வைத்து, "நீங்க சின்னதில பொய் சென்னீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். பிறகு அதையும் தாங்க முடியாமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நானா, உங்களை மண்ணில் வைத்து ஒன்பது வருடமாகிறது. அன்றைக்கு விறகுக் கொட்டிலைக் காட்டியது உம்மா இல்லை. நான்.