பாட்டு நின்ற நேரம்

எண்பதுகளின் நடுவில், தைப்பூசம் முடிந்த வாரம் அது. மலேசியாவில், கிள்ளானில் நண்பன் சேகரின் கல்யாண விருந்துக்கு நான்தான் டிஜே. எனக்கு அதுதான் முதல் தடவை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இடைவெளியே விழக்கூடாது என்று ஒரு மாதம் தூக்கம் கெட்டு கேசட்டுகளை வரிசைப்படுத்தியிருந்தேன்.

மணப்பெண் வாணியின் அப்பா கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்த யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். சேகரின் அப்பா தமிழ்நாட்டு வழி வந்தவர், ரயில் தண்டவாளத்தில் கூலி வேலை பார்த்தவர். இருவருக்கும் இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை. காலையில் கோயிலில்கூட பேசிக்கொள்ளவில்லை. வாணிதான் பிடிவாதமாக அவர்களை ஒரே மேசையில் உட்கார வைத்திருந்தாள்.

சாப்பாடு பரிமாறும்போது கேசட் நாடா சிக்கிக்கொண்டது. மண்டபம் அமைதியானது. வியர்த்துப்போய், பென்சிலால் நாடாவைச் சுற்றினேன்.

பக்கத்து மேசையில் வாணியின் அப்பா, "கறி நல்ல உறைப்பு, என்ன?" என்றார், யாரையும் பார்க்காமல்.

"எங்க வீட்டுக் காரம் அப்படித்தாங்க. தயிர் ஊத்திக்குங்க," என்று சேகரின் அப்பா கிண்ணத்தை நகர்த்தினார்.

நாடா சரியாகிவிட்டது. பொத்தானில் விரலை வைத்தபோது வாணி வேகமாக வந்தாள்.

"அண்ணே, போடாதீங்க லா. இவ்ளோ நேரம் பேசாம இருக்க உங்க ஸ்பீக்கர்தான் ரெண்டு பேருக்கும் சாக்கு."

"ஆளுங்க கேட்டா?"

"ரிப்பேர்னு சொல்லுங்க."

பாயசம் வரும்வரை சரியாகிவிட்ட கேசட்டையே பென்சிலால் சுற்றிக்கொண்டிருந்தேன். "டிஜே புதுசு போல," என்றார் ஒருவர். "ஆமாம் அங்கிள்," என்றேன்.

அன்று போட்ட பாட்டுகளில் பாதி மறந்துவிட்டது. மேசையில் தயிர்க்கிண்ணம் நகர்ந்த சத்தம் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.