பெட்டிக்குள் இருந்த இரண்டாவது நேரம்

எண்பதுகளின் கடைசியில் சேலத்தில் நாலு பேர் சேர்ந்து கம்ப்யூட்டர் செய்து விற்றோம். அதன் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு அடிநாதமான கெர்னல் முழுக்க என் கைவேலை. அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சநஞ்சமில்லை. முதல் பெட்டி திருச்செங்கோட்டில் ஒரு போர்வெல் கம்பெனிக்குப் போனது. துளை போடும் இயந்திரம் ஏற்றிய ரிக் லாரி கிளம்பும்போது நேரம் போட்டு ஒரு சீட்டு அடிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

அந்தப் பெட்டி தினம் ஒருதரம் ஆணி அடித்த மாதிரி நின்றது. திங்கள் என்றால் காலையில், புதன் என்றால் உச்சியில், வெள்ளி என்றால் பதினொரு மணிக்கு! கம்பெனி முதலாளி ஆபீசுக்கே வரவழைத்துக் கத்தினார். நானும் பதிலுக்குச் சூடாக, "எங்க பெட்டியில கோளாறே இல்லீங்க. ஆபரேட்டர் புள்ளதான் எதையோ நோண்டுதுங்க" என்றேன்.

"இன்னொருக்கா நின்னா அந்தப் புள்ளைய ஊட்டுக்கு அனுப்பிருவேன்" என்றார் அவர்.

மறுநாள் வெள்ளிக்கிழமை போய் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பதினொரு மணிக்கு ஒரு லாரி தயாரானது. அவள் சர்வசாதாரணமாகப் பெட்டியின் நேரத்தைப் பத்தே கால் என்று மாற்றினாள். பிரிண்டர் அசையவில்லை.

"அம்மிணி, என்ன காரியம் பண்றே நீ?"

"ராகு காலமுங்கண்ணா. சீட்டுல பதினொண்ணுன்னு இருந்தா தோட்டத்துக்காரரு ரிக்கை உள்ள உடமாட்டாருங்க."

கத்த வாயைத் திறந்தபோதுதான் எனக்கு உறைத்தது. வேகமாக ஓடட்டும் என்று கெர்னலுக்குள் நேரத்துக்கு ஒரு நகல் வைத்திருந்தேன். அவள் மாற்றுவது கடிகாரத்தை; நகல் மாறாது. சீட்டைப் பதினொன்றுக்கு அடி என்று நகல் சொல்லும், மணி பத்தே கால்தான் என்று கடிகாரம் சொல்லும். பெட்டி சமர்த்தாக முக்கால் மணி நேரம் காத்திருக்கும். இத்தனைக்கும் அந்த நகலால் இம்மி வேகம்கூடக் கூடியதில்லை. அட மடையா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். "அம்மிணி, நாளைக்கிருந்து நீ வர வேண்டாம்." அவள் டிபன் பாக்ஸை எடுத்துப் பைக்குள் வைத்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் என் பேர் தப்பிக்கும்.

"தப்பு என்னுதுங்க. அந்தப் புள்ள மேல ஒண்ணுமில்லீங்க."

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "காலையில பெட்டி ஓடோணும். இல்லீன்னா நீயும் பெட்டியும் ஒரே லாரியில ஏறிக்கோங்க."

சேலத்துக்கு ஓடிப்போய் நகலைச் சுத்தமாக எடுத்தேன். எல்லாமே கடிகாரத்தையே நேராகப் பார்க்கட்டும் என்று மாற்றினேன். கெர்னலில் பதினொரு வரி குறைந்தது. சனிக்கிழமை ஒன்பதரைக்கு, நல்ல ராகு காலத்தில், அவள் நேரத்தை எட்டே முக்காலாக்கினாள். பிரிண்டர் கர்ரென்று சீட்டைத் துப்பியது. முதலாளியே கைதட்டினார்!

லாரி போனதும் அவள் எனக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். "மொத தடவை அவருகிட்ட நீங்க என்னையப் பத்திச் சொன்னதையும் கேட்டுட்டுத்தானுங்கண்ணா இருந்தேன்" என்றாள்.