விளிம்பில் இருந்த பெயர்

என் பதக்கத்தின் மேல் ஆசிட் ஊற்றப்பட்டது என் சொந்த அண்ணன் சொல்லித்தான். இதை எழுத உட்காரும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வேதியியல் சாதனைக்குத் தரப்படும் அந்தத் தங்கப் பதக்கம் எல்லா வருடமும் யாருக்காவது கிடைப்பதல்ல. தகுதியான ஆள் இல்லையென்றால் கொடுக்காமலே விட்டுவிடுவார்கள். எனக்கு முன்னால் வாங்கியவர் ஓய்வு பெற்றே வெகுகாலமாகிவிட்டது. கழிவுநீரில் கலந்த ஈயத்தை, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் கொட்டையின் ஓட்டிலிருந்து செய்த கரியால் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டதற்காக எனக்குக் கொடுத்தார்கள். பதினோரு வருட உழைப்பு. அதில் பாதிக்கு மேல் தோல்விதான்.

ஆயர் ஈத்தாமில் இருக்கும் அண்ணன் வீட்டில் காட்டினேன். அண்ணி ஆசைப்பட்டதால் இரண்டு நாள் சாமி மேடையில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. கோயில் மண்டபத்தில் பாராட்டு விழா என்று முடிவு செய்து, பேனரும் அடித்துவிட்டார். கமிட்டியில் யாரோ ஒருவர் அது நிஜத் தங்கமா என்று கேட்டிருக்கிறார். அந்த வாயை அடைக்க வேண்டுமாம். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பதக்கத்தை எடுத்துக்கொண்டு லிட்டில் இந்தியாவில் தெரிந்த நகைப் பத்தரிடம் போய்விட்டார்.

பத்தர் தம் வழக்கப்படிதான் செய்திருக்கிறார். நகையைச் சோதிக்கும்போது, பார்வைக்குத் தெரியாத இடம் என்று விளிம்பில்தான் அரத்தால் ராவுவார்கள். என் பதக்கத்தில் அந்த விளிம்பைச் சுற்றித்தான் பெயர் இருந்தது. ராவிய இடத்தில் ஒரு சொட்டு ஆசிட். பச்சையாக நுரைத்ததாம்.

நுரைக்காமல் என்ன செய்யும்? செம்பின் மேல் தங்க முலாம் என்று கூட வந்த கடிதத்திலேயே இருக்கிறது. அந்தப் பச்சை எப்படி வருகிறது என்று பள்ளிக்கூடத்திலேயே எழுதி மார்க் வாங்கியவள் நான். கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பேன்.

மறுநாள் பதக்கத்தை எடுக்கப் போனபோது அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏதோ நான்தான் ஊரை ஏமாற்றியது போல, விழாவைத் தள்ளிவைத்துவிட்டதாகச் சொன்னார். பதக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். என் பெயரின் முதல் நான்கு எழுத்துகள் இல்லை. அப்பா பெயர் மட்டும் பத்திரமாக இருந்தது.

“கோவப்படாத லா,” என்றார் அண்ணன். “பத்தர்கிட்ட பேசிட்டேன். அசல் தங்கத்துல அதே மாதிரி ஒண்ணு செஞ்சிடலாம். பேரும் வெட்டிக் குடுப்பாரு. யாருக்குத் தெரியப் போவுது?”

என் வாழ்க்கையில் நான் அவ்வளவு கத்தியதில்லை. அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தார். எடை எவ்வளவு என்று கேட்டீர்கள், விற்றால் எவ்வளவு தேறும் என்று கேட்டீர்கள், நிஜமா பொய்யா என்று ஆசிட் ஊற்றியும் பார்த்தீர்கள் என்று இருவரையும் சேர்த்தே திட்டினேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டிய பிறகுதான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

“இத எனக்கு எதுக்குக் குடுத்தாங்கன்னு தெரியுமாண்ணே?”

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி தரையைப் பார்த்தார்.

“கெமிஸ்ட்ரிக்குத்தானே?” என்றார் அண்ணன்.

இத்தனை வருடங்களாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் அந்த வீட்டில்தான் சாப்பிட்டேன்.