வலது பக்கம் மட்டும் சிவப்பு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் அளவுச் சீட்டுகள்தான்: நீளம், அகலம், நுரை எத்தனை அங்குலம். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் தூணுக்குப் பின்னால் போய் நின்றுவிடுவேன். தையல் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண்கள், "ரோசாலி அக்கா, அந்தப் படகோட செவப்பு மெத்த கதைய எழுதிக் குடுங்கக்கா, ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க" என்று நச்சரித்ததால் எழுதுகிறேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை என்பது ஒரு வசதி.

படகு டிசைன் பற்றிச் சொல்ல நான் யார் என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் படகில் ஏறுகிறவர்கள் உட்காருவது நான் தைத்ததன் மேல்தான். அந்த உரிமையில் கொஞ்சம் சொல்கிறேன்.

பெஞ்சு போய் மெத்தை வந்தது

எங்கள் பட்டறை அரியாங்குப்பம் ஆற்றோரம் இருக்கிறது. ஃபைபரில் மோட்டார் படகு கட்டுகிறோம். முதலாளியை எல்லோரும் முசே என்று கூப்பிடுவோம், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். அவர் பிரான்சுக்குப் போனதில்லை. அவருடைய பெரியப்பா பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கியவர், அந்த வழியில் வந்த பட்டம்.

நான் சேர்ந்த புதிதில் சுற்றுலாப் படகு என்றால் இரண்டு நீளப் பலகை. ஜனங்கள் எதிரெதிரே முட்டி இடிக்க உட்காருவார்கள். அலை அடித்தால் கத்துவார்கள், நனைவார்கள், சந்தோஷமாக இறங்கிப் போவார்கள். பலகை மேல் ஒரு மெல்லிய ரெக்சின் விரிப்பு தைப்பதுதான் என் வேலை.

பிறகு கார் சீட் வந்தது. சென்னையிலிருந்து காரில் வருகிறவர்கள் காரைவிட்டு இறங்கி, படகிலும் கார் மாதிரியே உட்கார ஆசைப்பட்டார்கள். தலை சாய்க்கும் திண்டு வைத்துத் தைத்தேன். அதற்குப் பிறகு செல்போனில் முன்பக்கக் கேமரா வந்தது. எங்கள் தொழிலை எந்த இன்ஜினும் அந்த அளவுக்கு மாற்றவில்லை. கடலைப் பார்க்க வந்தவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார ஆரம்பித்தார்கள். நாங்களும் சீட்டைத் திருப்பிப் போட்டோம். பிறகு சாயும் பலகையே படத்தை மறைக்கிறது என்றார்கள், அதையும் எடுத்தோம். இப்போது படகின் பின்பக்கம் முழுக்க மெத்தை, வலதும் இடதுமாக இரண்டு. சன் பேட் என்று பெயர். படுத்துக்கொண்டு போவதற்கு.

முன்பு படகுக்கு மூக்குதான் அழகு. கூராக, தூக்கலாக இருக்க வேண்டும். இப்போது மூக்கு மொண்ணையாகிவிட்டது, இடுப்புதான் அகலம். இன்ஜினை முன்பு மூடி மறைப்போம். இப்போது இரண்டு இன்ஜின் வைத்து, கம்பெனி பேர் கரையிலிருந்து தெரியவேண்டும் என்கிறார்கள்.

ஒரு ரகசியம். கீழ்ப்பாகத்துக்கு எங்களிடம் இருப்பது ஒரே அச்சுதான். நான் சேர்ந்த நாளிலிருந்து அதே அச்சு. மேலேதான் எல்லா ஃபேஷனும். யாராவது அதைப் பற்றிக் கேட்டால் முசே சொல்வார்: "தண்ணிக்குள்ள இருக்கறத எவன் செல்ஃபி எடுக்கறான்?"

நிறமும் அப்படித்தான். ஒரு சீசனில் எல்லோரும் சிவப்பு சிவப்பு என்றார்கள். முசே ஆசையாக ஒரு பெரிய ரோல் சிவப்பு ரெக்சின் வாங்கினார். ரோல் வந்து இறங்கியதும் ஊர் வெள்ளைக்கு மாறிவிட்டது. பிறகு நீலம், பிறகு க்ரீம். சிவப்பு ரோல் தையல் கொட்டகை மூலையில், ஊருக்குத் திரும்ப மறந்த விருந்தாளி மாதிரி நின்றது. பெண்கள் அதில் சாப்பாட்டுப் பையை மாட்டுவார்கள்.

குமரவேலின் படகு

குமரவேல் காலாப்பட்டுப் பக்கத்து ஆள். பலகை வைத்த பழைய படகு இரண்டு வைத்துக்கொண்டு சுற்றுலாக்காரர்களை ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தார். கடற்கரை ஓட்டல் ஒன்று தங்கள் விருந்தினர்களுக்கென்று ஒரே ஒரு படகை நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் போகிறது என்று கேள்விப்பட்டார். அந்த நம்பிக்கையில் பழைய படகு இரண்டையும் விற்றுவிட்டு எங்களிடம் புதிதாக ஆர்டர் கொடுத்தார். ஓட்டல் மேனேஜர் மேடம் வேண்டாம் என்றால் அவர் கையில் மிஞ்சுவது மெத்தை போட்ட ஒரு படகு.

"அத எடுத்துக்கினு மீன் புடிக்கப் போனா மீனே சிரிக்கும்க்கா" என்றார் என்னிடம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் கை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

போனில் ஒரு இத்தாலிப் படகின் வீடியோவைக் காட்டினார். "இதே மாதிரி க்ரீம் கலரு. ஊர்ல வேற எவன்கிட்டயும் இருக்கக் கூடாது."

நான் சரி என்றேன். நான் எல்லாவற்றுக்கும் சரி என்பேன்.

சிக்கல் என்னவென்றால், அந்த ஓட்டலுக்குப் போட்டி போட்ட இன்னொருவரும் எங்கள் பட்டறையில்தான் படகு கட்டினார். அவரும் அதே வீடியோவைக் காட்டினார். ஊரில் வேறு எவனிடமும் இருக்கக் கூடாது என்று அவரும் சொன்னார். அவருக்கும் சரி என்றேன். அவர் படகை முந்தின வாரமே கொடுத்து அனுப்பிவிட்டோம். இது குமரவேலுக்குத் தெரியாது. முசே என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். எனக்கு அது அவசியமில்லை. நான் எப்போதும் அப்படித்தான் இருக்கிறேன்.

மூஞ்சி எந்தப் பக்கம்?

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேடம் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அதற்கு முன் படகுக்குச் சடங்கு. முசே மாதா கோயிலில் பூசை முடிந்து வரும்போது அங்கிருந்து மந்திரித்த தண்ணீர் கொண்டுவந்து தெளித்தார். குமரவேல் மாலை போட்டார், எலுமிச்சம்பழம் கட்டினார். கடைசியில் அவருடைய அக்கா வசந்தி ஆரத்தித் தட்டோடு வந்தார்.

படகுக்கு ஆரத்தி என்றால் கரையில் நின்றுகொண்டு மூக்குக்கு எதிரே சுற்றுவதுதான் வழக்கம். ஆனால் புதுமாதிரிப் படகின் பின்பக்கம்தான் ஏறும் படி இருக்கும். அதனால் பின்பக்கத்தைக் கரைக்குக் காட்டிக் கட்டியிருந்தோம். மூக்கு ஆற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தது.

வசந்தி தட்டோடு நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "ஏன்டா, இதுக்கு மூஞ்சி எந்தப் பக்கம்?"

"அந்தாண்டக்கா. தண்ணிப் பக்கம்."

"நான் தண்ணியில நின்னா சுத்துவேன்?"

"படகத் திருப்பணும்னா நேரமாவும்க்கா. அவங்க வந்துடுவாங்க."

"எதுக்குத் திருப்பற? ஆளுங்க எந்தப் பக்கம் ஏறுறாங்களோ அதான் மூஞ்சி. ஊட்டுக்கு வாசல் மாதிரி."

முசே தலையை ஆட்டி, "வுய்" என்றார். முக்கியமான விஷயங்களுக்கு மட்டும் அவர் பிரெஞ்சில் ஆமாம் சொல்வார்.

வசந்தி பின்படியில் ஏறி நின்று சுற்றினார். ஒரு சுற்று நன்றாகப் போனது. புது காருக்கு ஆரத்தி எடுக்கும்போது இன்ஜின் ஓடவேண்டும் என்பது குமரவேலுக்கு நினைவு வந்துவிட்டது. சாவியைத் திருப்பினார். கியர் விழுந்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. படகு கயிற்றை ஒரு இழு இழுத்து நின்றது. வசந்தி கம்பியைப் பிடித்துக்கொண்டார். தட்டைப் பிடிக்க ஆள் இல்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த அந்தச் சிவப்புத் தண்ணீர் மொத்தமும் வலது பக்க க்ரீம் மெத்தையில் இறங்கியது.

"நல்ல சகுனம்டா" என்றார் வசந்தி. "தானாவே எறங்கிடுச்சு பாரு."

குமரவேல் கரையில் இறங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

முசே சோப்பு போட்டுத் தேய்த்தார். இன்னும் சிவந்தது. கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தைப் பிய்த்துத் தேய்த்தார். மஞ்சளானது. தின்னர் போட்டார். ரெக்சினின் பளபளப்பே போய், சிவப்பு, மஞ்சள், மங்கல் மூன்றும் பட்டை பட்டையாக நின்றன.

"புதுக் கட்சி ஆரம்பிக்கலாம்" என்றார் வசந்தி. "கொடி ரெடி."

க்ரீம் ரெக்சின் கைக்குட்டை அளவுகூட மிச்சமில்லை. நானும் முசேயும் ஒரே நேரத்தில் கொட்டகை மூலையைப் பார்த்தோம்.

"ரெண்டு பக்கமும் மாத்த நேரம் இல்ல முசே" என்றேன்.

"ஒரு பக்கம் போடு."

குமரவேல் தலையைத் தூக்கினார். "ஒரு பக்கம் மட்டும் செவப்பா? எவன் நம்புவான்?"

"கொஞ்சமா செவந்திருந்தா கறை. பளிச்சுனு செவந்திருந்தா ஸ்டைலு" என்றார் முசே.

பெட்டிக்குள்

இந்த மெத்தைக்குக் கீழே ஒரு பெரிய பெட்டி இருக்கும். மெத்தைதான் அதற்கு மூடி. துண்டு, ஐஸ் பாக்ஸ் எல்லாம் உள்ளே போகும். பழைய உறையை உரித்து, சிவப்பில் புது உறை தைத்து இழுத்துப் போட்டுவிட்டேன். கடைசி ஓரத்தை மட்டும் உள்ளிருந்து பின் அடிக்கவேண்டும். மூடியைத் தூக்கி நிறுத்திவிட்டு, ஸ்டேப்ளர் கன்னோடு பெட்டிக்குள் இறங்கிக் காலை மடக்கி உட்கார்ந்தேன்.

கரையில் செருப்புச் சத்தம் கேட்டது. மேடம் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்.

வேறு யாராக இருந்தாலும் எழுந்து வணக்கம் சொல்லியிருப்பார்கள். நான் மூடியை இழுத்துச் சாத்திக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை, கை செய்தது. அவர் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கியதும் வெளியே வரலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இன்ஜின் ஓட ஆரம்பித்தது. படகு கிளம்பியது. மூடி கொஞ்சம் அமுங்கியது. மேடம் என் தலைக்கு மேல் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன குமரவேல், இந்தப் பக்கம் மட்டும் செவப்பா இருக்கு?"

"அது இத்தாலி மாடல் மேடம்."

"போட்ல எடது பக்கம்தான செவப்பு லைட்டு இருக்கும்? நீங்க வலது பக்கம் போட்டிருக்கீங்க?"

இன்ஜின் சத்தம் கூடியது. பிறகு குமரவேலின் குரல்: "இத்தாலியில ரோட்ல வலது பக்கம் போவாங்க மேடம். அதனால மாத்தி வெச்சிருக்காங்க."

நான் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டேன்.

"இன்னொருத்தர் போட்டும் பாத்தேன்" என்றார் மேடம். "உங்களுது மாதிரியே இருக்கு. அதே க்ரீம், அதே மெத்தை."

"அப்படியா? யாரு கட்டுனதாம்?"

முன்பக்கத்திலிருந்து முசே இருமினார். வெகு நேரம் இருமினார்.

"எதுன்னு முடிவு பண்றதுன்னே தெரியல. சரி, துண்டு, ஐஸ் பாக்ஸ் எல்லாம் எங்க வைப்பீங்க?"

"உங்களுக்குக் கீழவே பெரிய பெட்டி இருக்குது மேடம்! எழுந்திருங்க, காட்றேன்." நான் எப்போதோ இறங்கிப் போய்விட்டேன் என்று அவர் நினைத்திருக்கிறார்.

இன்ஜின் நின்றது. மூடி திறந்தது. வெயில் கண்ணில் அடித்தது. முட்டி மோவாயில் இடிக்க, கையில் ஸ்டேப்ளர் கன், தலையெல்லாம் சிவப்புத் துணுக்கு. மேலே மேடம், குமரவேல், முசே என்று மூன்று முகங்கள். கதவைத் திறந்து ஒருவர் பார்க்கும்போது ஏதாவது சொல்லவேண்டும் அல்லவா?

"வாங்க" என்றேன்.

மேடம் முதலில் ஒரு கத்து கத்தினார். பிறகு எதிர்ப்பக்க மெத்தையில் சரிந்து உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கும்வரை சிரித்தார்.

"யாருங்க நீங்க?"

"சீட்டு தைக்கறவங்க."

"உள்ள என்ன பண்றீங்க?"

"வெளிய வரக் கூச்சமா இருந்துச்சுங்க."

"இந்தச் செவப்பு எதுக்கு? நீங்க சொல்லுங்க."

குமரவேல் அவருக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் விற்றுப்போன இரண்டு படகும் இருந்தன. ஆனால் எனக்கு ஒருவர் முகத்தைப் பார்த்துப் பேசவே வராது. பார்த்துப் பொய் சொல்ல எங்கே வரும்?

"ஆரத்தி கொட்டிடுச்சுங்க."

"ஆரத்தி பின்பக்கம் எப்படி வந்துச்சு?"

"ஆளுங்க ஏறுற பக்கம்தான் மூஞ்சின்னு அவங்க அக்கா சொன்னாங்க."

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "போட்டத் திருப்புங்க குமரவேல்" என்றார்.

குமரவேல் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கரை வரும்வரை நேரே பார்த்து ஓட்டினார். நான் பெட்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்து வேறெங்கே உட்காருவது என்று தெரியவில்லை.

மேடம் கரையில் இறங்கித் திரும்பிப் படகைப் பார்த்தார். தூரத்திலிருந்து எப்படித் தெரிகிறது என்பதுபோலத் தள்ளிப் போய் நின்றும் பார்த்தார்.

"எங்க கெஸ்ட்டுங்க ரூம் ஜன்னல்ல இருந்து பாத்தா எது நம்ம போட்டுன்னு தெரியணும். இது தெரியுது. எங்க ஓட்டலுக்கு நீங்களே ஓட்டுங்க குமரவேல். அந்தப் பக்கம் க்ரீமாவே இருக்கட்டும், மாத்திடாதீங்க. ஆனா இத்தாலி கதை வேணாம். நடந்தத சொல்லுங்க, அதுதான் நல்லாருக்கு."

வசந்தி தம்பியின் முதுகில் ஒன்று வைத்தார். "நான்தான் சொன்னேனே, நல்ல சகுனம்னு."

நான் கற்றுக்கொண்டது

படகோட்டிகளின் ரசனை எங்கிருந்து வருகிறது என்று எனக்கு இன்னும் தெரியாது. வெளிநாட்டு வீடியோவிலிருந்து வரும், சினிமாவிலிருந்து வரும். ஒரு தடவை தாம்பாளத்திலிருந்து வந்ததைப் பார்த்தேன். ஆகவே மிச்சத் துணியைத் தூக்கிப் போடாதீர்கள். எந்த நிறமும் திரும்பி வரும். மெத்தை பொருத்துவதற்கு முன்பே ஆரத்தியை முடித்துவிடச் சொல்லுங்கள். தட்டில் பாதிக்கு மேல் ஊற்ற விடாதீர்கள்.

இன்னொன்று. அதற்குப் பிறகு எல்லா சீட் பெட்டியிலும் காற்றுப் போக நாலைந்து துளை போடச் சொல்கிறேன். ஈரத் துண்டு காய்வதற்கு என்று முசே வாடிக்கையாளர்களிடம் சொல்கிறார். அப்படியே இருக்கட்டும்.

மறுநாள் காலையில், ஓட்டலுக்குப் போட்டி போட்ட அந்த இன்னொருவர், தன் படகின் வலது பக்க மெத்தையைக் கழற்றி ஆட்டோவில் வைத்து எடுத்துவந்தார். சிவப்பு போடவேண்டும், ஊரில் வேறு எவனிடமும் இருக்கக் கூடாது என்றார். சரி என்றேன். மதியத்துக்குள் தைத்துக் கொடுத்துவிட்டேன்.