டேனரிக் காதுகளுக்குப் போட்ட பாட்டு

போன மழைக்காலத்தில் என் மகளுக்குக் காய்ச்சல். அக்குளில் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அது கீச் கீச்சென்று அடித்து ஓய்ந்தது. அவள் எடுக்கவில்லை.

“எடுத்துப் பாரும்மா” என்றேன்.

“இன்னும் அடிக்கலப்பா.”

விளையாடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். மறுபடி வைக்கச் சொன்னேன். மறுபடி அடித்தது. நான் பக்கத்து அறையில் இருந்தேன், எனக்குக் கேட்டது. அவள் நெஞ்சுக்குப் பக்கத்தில் அடித்தது, அவளுக்குக் கேட்கவில்லை. அவளுக்கு இருபத்து நான்கு வயது.

காய்ச்சல் விட்டதும் ஆம்பூரிலிருந்து வேலூருக்கு அழைத்துப்போனேன். காது பரிசோதிக்கும் அறைக்கு ஒரு கண்ணாடி ஜன்னல் இருந்தது. உள்ளே அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு பொத்தானுடன் உட்கார்ந்தாள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்கவேண்டும். வெளியே மிஷினை இயக்கிய பெண்ணுக்குப் பின்னால் நான் நின்றேன். ஆரம்பத்தில் ஒவ்வொரு சத்தத்துக்கும் மிஷினில் விளக்கு எரிந்தது. கூர்மையான சத்தங்கள் வந்தபோது எரியவில்லை. அந்தப் பெண் குமிழைத் திருப்பினார். எரியவில்லை. இன்னும் திருப்பினார். என் மகள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்து, ‘ஏன் நிறுத்திட்டாங்க?’ என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினாள். நானும் பதிலுக்குச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை எப்படி வரவழைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

டாக்டர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “டேனரியில எந்த செக்‌ஷன்ல வேலை?” என்று அவளைக் கேட்டார். கோட்டில் இப்படி ஒரு பள்ளத்தை அவர் டேனரி மிஷின் பக்கத்தில் வருஷக்கணக்காக நின்றவர்களிடம்தான் பார்த்திருக்கிறாராம். அவள் டேனரி வாசலைக்கூட மிதித்ததில்லை என்றேன். போனது போனதுதான், இனிமேல் சத்தம் கூடாது, இருப்பதையாவது காப்பாற்றுங்கள் என்றார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என் அண்ணனைத் திட்டிக்கொண்டே வந்தேன், மனதுக்குள்.

அண்ணன் தோல் பதனிடும் டேனரியில் ஷேவிங் மிஷினில் நின்றவன். தோலை ஒரே கனமாகச் சீவித் தள்ளும் மிஷின் அது. பக்கத்தில் நின்றால் பல் கூசும். பகலில் அந்த வேலை. சாயங்காலத்தில் பஜாரில் ஒரு மாடியறையில் கேசட் கம்பெனி. சினிமாப் பாட்டை அவன் தொட்டதே இல்லை. ஒரு கீபோர்டு, தாளம் அடிக்கும் ஒரு பெட்டி, இரண்டு பறை, நண்பர்கள் நாலு பேர். ஆடுவதற்கென்றே பாட்டுப் போட்டார்கள். கல்யாண ஊர்வலம், கிறிஸ்துமஸ் பவனி, அம்மன் திருவிழா என்று எங்கே ஆட்டம் நடந்தாலும் அவன் மஞ்சள் அட்டைக் கேசட் ஓடியது. மகன் ஆட்டப் பாட்டுப் போடுகிறான் என்று சர்ச்சில் எங்கள் அப்பா தலைகுனிந்து உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமைகள் அதிகம்.

அவனுடைய பாட்டுக்குப் பரீட்சை வைக்கும் இடம் டேனரி கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடை. ஷிப்டு முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரத்தில் டேப்ரிக்கார்டரை வைத்து ஓடவிடுவான். நாளெல்லாம் மிஷின் பக்கத்தில் நின்று மந்தமாகிப்போன காதுகள். அந்தக் காதுகளுடைய கால்கள் அசைந்தால் பாட்டு பாஸ். அசையாவிட்டால் மாடிக்குத் திரும்பிப்போய், ஜால்ராவையும் கூர்மையான மேல் சத்தத்தையும் இன்னும் ஏற்றி, மறுநாள் மறுபடி வருவான். இப்படித்தான் ஒவ்வொரு கேசட்டும் முடிவானது. சென்னைக் கடைக்காரர்கள் காதில் ஊசி குத்துகிறது என்று கட்டுக்கட்டாகத் திருப்பி அனுப்பினார்கள். அண்ணன் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். சி.டி. வந்ததும் கம்பெனி படுத்தது. நான் பள்ளிக்கூட வாத்தியார். வீட்டில் அமைதி வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன்.

பிறகுதான் என் மகள் அந்த மாடியறைச் சாவியைக் கேட்டாள். கல்லூரி முடிந்த கையோடு பழைய கேசட்டுகளைத் துடைத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, இணையத்தில் போட்டாள். எங்கிருந்தோ ஆட்கள் அதைக் கேட்டு ஆடினார்கள். பெங்களூரிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கே வந்தார்கள், ஒரு பையனும் ஒரு பெண்ணும். ஆறு பாட்டைப் பெரிய கறுப்பு இசைத்தட்டாக மறுபடி கொண்டுவரப்போகிறார்களாம். அதற்குச் சத்தத்தைச் சரிசெய்து தருவது என் மகளின் வேலை. என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பையன், “இது பெரிய லெகசி அங்கிள்” என்றான். “அந்தக் குத்துற சவுண்டு இருக்குல்ல, வேற எங்கயும் கிடைக்காது.”

“ஒரு பாட்டை எவ்ளோ நேரம் கேப்பீங்க?” என்றேன்.

“ஒரு நாலஞ்சு நிமிஷம் அங்கிள்.”

“என் பொண்ணு நாள் பூரா கேக்குறா.”

அவன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான். பிரியாணி நன்றாக இருக்கிறது என்றான். அவனை அப்படியே கையைப் பிடித்து எழுப்பி அனுப்பியிருக்கவேண்டும். அப்போது தெர்மாமீட்டர் அடிக்க இன்னும் சில மாதம் இருந்தது.

வேலூரிலிருந்து திரும்பியவுடன் நேரே அந்த மாடிக்குப் போனேன். மகளும் பின்னாலேயே வந்தாள். அண்ணன் சட்டையில்லாமல் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தான். மேஜைமேல் ஒரு வயரிலிருந்து பிரிந்த இரண்டு ஹெட்போன்கள்.

“இது எதுக்கு ரெண்டு?” என்று மகளைக் கேட்டேன்.

“ஒண்ணு எனக்கு, ஒண்ணு பெரியப்பாவுக்கு. அவர் தலையாட்டினாத்தான் பாட்டு ஓகே. அவர் கம்பெனி, அவர்தானே சொல்லணும்?”

டீக்கடை இப்போது இல்லை. அந்த ஆட்களில் பாதிப் பேர் இல்லை. மிச்சம் இருந்த ஒரே டேனரிக் காது என் அண்ணனுடையது. அது தலையாட்டும்வரை என் மகள், அதே சத்தத்தைத் தன் காதிலும் மாட்டிக்கொண்டு, ஏற்றிக்கொண்டே போயிருக்கிறாள். இரண்டு வருஷமாக.

“உன் காது எப்பவோ செத்துப்போச்சுடா அண்ணே” என்று கத்தினேன். “உனக்குக் கேக்கணும்னு அவ காதைச் சாகடிச்சிருக்க.”

“இன்னாத்துக்குக் கத்துற? பேஜாரா கீது. நிதானமா பேசு.”

“கத்தினாத்தானே உனக்குக் கேக்குது!”

நான் நீட்டிய வரைபடத்தை வாங்கித் தலைகீழாகப் பார்த்தான், பிறகு நேராகப் பார்த்தான். முகம் மாறியது. ஆனால் வாய் அடங்கவில்லை. “காது நல்லா கீறவனுக்குப் பாட்டுப் போட ஊரெல்லாம் ஆள் கீறான். மிஷின்ல நின்னவனுக்கு எவன் போட்டான்? நான் போட்டேன். அது தப்பா?”

“அவங்களுக்குப் போட்டது தப்பில்ல. இவ மிஷின்ல நிக்கலையே.”

ஹெட்போன் இரண்டையும் பிடுங்கினேன். வயர் மேஜையிலிருந்த டம்ளரைத் தட்டிவிட்டு டீ கொட்டியது.

“நிறுத்துங்க ரெண்டு பேரும்” என்றாள் மகள். “காது என்னுது. நான் இன்னும் அழக்கூட ஆரம்பிக்கல, அதுக்குள்ள நீங்க சண்டை போடுறீங்க.” துணியை எடுத்து டீயைத் துடைத்தாள். “ஆறு பாட்டுல நாலு முடிஞ்சிருக்கு. ரெண்டு பாக்கி. முடிக்காம விடமாட்டேன்.”

“முடிக்கிறதுக்குள்ள மிச்சமும் போய்டும்.”

“அப்போ நீங்க உக்காருங்க.”

“நானா?”

“மேல் சத்தம் எனக்குத் தெரியல. பெரியப்பாவுக்கு எதுவுமே தெரியல. வீட்ல நல்ல காது உங்களுக்குத்தான். நான் மாட்டமாட்டேன். நீங்க மாட்டிக்கிட்டு, கேக்குறதைச் சொல்லுங்க. சொன்னபடி வைக்கிறேன்.”

“இவன் கம்பெனிப் பாட்டு ஒண்ணைக்கூட நான் முழுசாக் கேட்டதில்ல.”

“அதான் உங்க காது நல்லாருக்கு” என்றாள்.

இப்போது சனிக்கிழமை மத்தியானங்களில் மாடியில் உட்காருகிறேன். நான் மனம் மாறிவிட்டதாக யாரும் நினைக்கவேண்டாம். அந்தப் பாட்டு எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. அண்ணனோடு பேச்சுவார்த்தை கிடையாது. பெங்களூர்ப் பையன் போன் செய்து, பழைய குத்தல் கம்மியாகிவிட்டதே என்று இழுத்தபோது, வேண்டுமென்றால் உன் காதைக் கொண்டுவா என்று சொல்லி வைத்துவிட்டேன். மகள் வெறுங்காதோடு என் முன்னால் உட்கார்ந்து, திரையையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்க்கிறாள். சில சமயம் நான் சொல்வதற்கு முன்னாலேயே அவள் கண்ணில் நீர் வந்துவிடுகிறது. நான் பார்க்காததுபோல இருந்துவிடுகிறேன். போன சனிக்கிழமையும் அப்படித்தான்.

“ஜால்ரா கேக்குதாப்பா?”

“கேக்குது. குத்துது. குறை.”

“இப்போ?”

“இன்னும் குறை.”

பின்னாலிருந்து அண்ணன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தான். “டேய், மொத்தமாக் கொன்னுடாதடா. அது என் பாட்டு.”

“நீ வாயை மூடு” என்றேன். அவனுக்கு அது கேட்கவில்லை. மகளுக்குக் கேட்டது. அவள் குமிழை இன்னும் கொஞ்சம் குறைத்தாள்.