பேனாவை மூடுகிறவர்

குருநகரில் மீன் வைக்கும் குளிர் அறை ஒன்றைக் கட்டத் திட்டமிட்டபோதுதான் அந்தப் பொறியியலாளரைச் சந்தித்தேன். ஒல்லியான பெண்மணி. நெற்றியில் திருநீறு, மூக்கு நுனியில் கண்ணாடி. கூட்டத்தில் யாராவது "செய்து தருவம்" என்று சொன்னால் உடனே பேனாவை மூடிவிடுவார்.

"நீங்கள் தாறதைப் பிறகு எழுதுவம். மற்றாக்கள் என்ன தருவினம் எண்டு நம்பியிருக்கிறியள்? முதலிலை அதைச் சொல்லுங்கோ."

எனக்கு எரிச்சல் வந்தது. குளிரூட்டும் இயந்திரம் என் பொறுப்பு. "கரண்ட் போனா ஜெனரேற்றர் உடனை ஸ்ராட் ஆகும்தானே?" என்றேன்.

ஜெனரேற்றர் பொருத்தித் தரவிருந்தவர் நிமிர்ந்தார். "தன்பாட்டிலை ஸ்ராட் ஆகும் எண்டு நான் எப்ப சொன்னனான்? அங்கை நிக்கிற ஆக்கள்தான் போடவேணும்."

பேனா திறந்தது.

"ஞாயிறு காலமை எல்லாரும் சேர்ச்சிலை பூசையிலை நிப்பினம். அப்ப கரண்ட் போனா ஆர் போடுறது?"

நானும் ஜெனரேற்றர்காரரும் அந்தப் பூசைக்குத் தவறாமல் போகிறவர்கள். திருநீறு பூசிய அவருக்குத்தான் அது நினைவுக்கு வந்தது. சனிக்கிழமை மீன் முழுவதும் அழுகியிருக்கும். எனக்கு வியர்த்துவிட்டது.

ஜெனரேற்றர் தானாக ஸ்ராட் ஆகவேண்டும் என்று எழுதிக்கொண்டே அவர் சிரித்தார். "ஏன் பயப்பிடுறியள்? மீன் இன்னும் கடலிலைதானே நிக்குது."

குளிர் அறை இயங்கத் தொடங்கிய பின், போன ஞாயிறு, பூசை நடுவில் கரண்ட் போய் மின்விசிறிகள் நின்றன. எழுந்து ஓடப் பார்த்தேன். அதற்குள் குளிர் அறைப் பக்கம் ஜெனரேற்றர் தானாகவே உறுமியது. வாங்குப் பலகையில் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டேன்.

இப்போது எந்த ஊர்க் கூட்டத்தில், யாருடைய வாக்குறுதிக்குப் பேனாவை மூடிக்கொண்டிருக்கிறாரோ!